ஊரிலிருந்து வந்தவர் திரும்பிப் போனபின் வீட்டுப் பூனை மாறிவிட்டால்: அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

மன்னார்குடியிலிருந்து என் அத்தை, அதாவது கணவரின் தாயார், ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூர் வந்து இரண்டு, இரண்டரை மாதம் எங்களோடு தங்கிவிட்டுப் போவார். சாங்கி விமான நிலையத்தில் அவரை வழியனுப்பிவிட்டு வந்த மறுநாளிலிருந்து எங்கள் கருப்புப் பூனை மிளகு வேறு பூனையாகிவிடுகிறான். ஐந்து ஆண்டுகளில் ஐந்து முறை இது நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு விதமாக நடந்திருக்கிறது. உட்லண்ட்சில் இருக்கும் என் தங்கை வீட்டுப் பூனைக்கும், அவள் மாமனார் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. இரண்டு வீடுகளிலும் பார்த்ததையும், அதற்காகக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதையே இங்கே அறிகுறிகளின்படி தருகிறேன். எந்த அறிகுறி உங்கள் பூனையிடம் இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். “பாட்டியைத் தேடுகிறது” என்பது பல சமயம் உண்மைதான். ஆனால் அதை முதல் விடையாகக் கொள்ளக் கூடாது. மற்ற காரணங்களை எல்லாம் பார்த்து ஒதுக்கிய பிறகு கடைசி விடையாகத்தான் கொள்ள வேண்டும். ஏக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் மனம் சமாதானமாகிவிடுகிறது, மருத்துவமனைக்குக் கிளம்புவதில் தாமதம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அந்தத் தாமதம் மிளகின் உயிரைக் கேட்டிருக்கும்.

## எந்தத் தலைப்பையும் படிக்காமல் உடனே கிளம்ப வேண்டிய நிலைகள்

பூனை மணல் தட்டில் குந்தி முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது. பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து இழுபடுகின்றன. கண்ணின் வெண்பகுதியோ ஈறோ மஞ்சளாக இருக்கிறது, அல்லது ஈறு வெளுத்திருக்கிறது. திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது. மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையை விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் இருக்கிறது. வாயிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ நூல் தொங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா பகலா என்று பார்க்கக் கூடாது. நூல் தொங்கினால் அதை இழுக்காதீர்கள். உள்ளே குடலில் அது மாட்டிக்கொண்டிருந்தால், இழுக்கும்போது குடலை அறுத்துவிடும்.

இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகள் சிங்கப்பூரில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அருகில் இருப்பதன் எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். எம்ஆர்டியிலும் பேருந்திலும் பூனையைக் கொண்டுபோக முடியாது என்பதால், செல்லப்பிராணியை ஏற்றும் வாடகை வண்டியை எப்படி அழைப்பது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது நல்லது. பூனைக் கூடையைப் பண்டக அறையின் அடியில் புதைத்து வைக்காமல், கூடத்தின் ஓரத்தில் திறந்தபடியே வைத்திருங்கள்.

## அறிகுறி: சாப்பிடவில்லை

முதலில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு வாய் சாப்பிட்டது எப்போது என்பதுதான் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை. “பசித்தால் தானே தின்னும்” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பூனையின் விஷயத்தில் அது ஆபத்தான பேச்சு. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்கலாம். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அதற்குமேல் நீண்டால் நேரில் கொண்டுபோங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

### தட்டருகே வருகிறது, முகர்ந்து பார்க்கிறது, திரும்பிப் போகிறது

இதுதான் அடிக்கடி நடப்பது, செலவில்லாமல் சரியாவதும் இதுதான். பூனைக்குப் பசி இருக்கிறது, வைத்த உணவுதான் அது எதிர்பார்த்ததாக இல்லை. ஊருக்குப் போனவரை அழைத்து, என்ன கொடுத்தார் என்று உள்ளபடி கேளுங்கள். நீங்கள் கடிந்துகொள்வீர்களோ என்று பெரியவர்கள் பாதியை மறைத்துவிடுவார்கள். அதனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். மூன்றாவது ஆண்டில்தான் அத்தை என்னிடம் முழுவதையும் சொன்னார். நாங்கள் வேலைக்குக் கிளம்பியதும், இங்குள்ளவர்கள் இக்கான் பிலிஸ் என்று சொல்லும் காய்ந்த நெத்திலியை ஊறவைத்துக் கழுவி, வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு மிளகுக்கு வைத்திருக்கிறார். மதியம் தம் தயிர்சாதத்தில் ஒரு கை கொடுத்திருக்கிறார். நான் காலையில் போட்டு வைத்த உலர் உணவைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டு, “சாப்பிட்டுட்டான்மா” என்று சொல்லியிருக்கிறார். இரண்டரை மாதம் நெத்திலிச் சாறு குடித்த பூனைக்கு மறுநாள் காலை வெறும் உலர் உணவு எப்படி இறங்கும்?

தீர்வு, அந்த உணவை ஒரேயடியாக நிறுத்தாமல் இறக்கிக் கொண்டுவருவது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீனைச் சிறிதளவு எடுத்து, டின்னில் வரும் ஈர உணவோடு பிசைந்து, கைச்சூட்டுக்குச் சற்றே சூடாக்கி வையுங்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைக்கும் உணவில் வாசனை எழாது. பூனை மூக்கால்தான் முடிவு செய்கிறது. நாளுக்கு நாள் மீனைக் குறைத்து, 7 முதல் 10 நாளில் பழைய உணவுக்குக் கொண்டுவந்துவிடலாம். குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. கழுவினாலும் சாறு ஊறித்தான் இருக்கும்.

உணவு மாறவில்லை என்று உறுதியானால், இடத்தையும் தட்டையும் பாருங்கள். அத்தை சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து காய் நறுக்கும்போது, தம் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எவர்சில்வர் தட்டில்தான் மிளகுக்கு வைப்பார். அவர் போனதும் அந்தத் தட்டை நான் கழுவி மேல் அடுக்கில் ஏற்றிவிட்டேன். மிளகின் பீங்கான் கிண்ணம் சலவை இயந்திரத்தின் பக்கத்திற்குத் திரும்பிவிட்டது. அந்த ஆண்டு, எவர்சில்வர் தட்டை இறக்கி, அதே இடத்தில் வைத்து, நானும் தரையில் உட்கார்ந்தபின்தான் அவன் வாயை வைத்தான். விளிம்பு தாழ்ந்த அந்தத் தட்டில் மீசை இடிக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்றுவரை அதுவே அவன் தட்டு.

### சாப்பிட வருகிறது, வாயில் எடுத்ததைக் கீழே போடுகிறது

எச்சில் ஒழுகுவது, ஒரு பக்கமாகவே மெல்வது, வாயைக் காலால் தேய்ப்பது ஆகியவை சேர்ந்திருந்தால் பல்லிலோ ஈறிலோ கோளாறு. விருந்தாளி மென்மையான உணவு கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே தெரியாத வலி, உலர் உணவுக்குத் திரும்பியதும் தெரிய வருகிறது. வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஈர உணவைக் கொடுத்துக்கொண்டு, ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

### தட்டருகே வரவே இல்லை, சோர்ந்து கிடக்கிறது

விருந்தாளி தங்கிய அறையை மண்டியிட்டுத் தேடுங்கள். கட்டிலுக்கு அடியில், மெத்தைக்கும் சுவருக்கும் இடையில், அலமாரியின் கீழ் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். நான் தேடுவது நான்கு பொருள்கள்.

முதலாவது மாத்திரை. பெரியவர்களுக்குச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மூட்டு வலிக்கும் மாத்திரைகள் இருக்கும். அட்டையிலிருந்து பிதுக்கும்போது ஒன்று உருண்டுவிட்டால் அவர்களால் குனிந்து தேட முடியாது. ஊரில் டோலோ என்றும் இங்கே பனடால் என்றும் வாங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இரண்டாவது நூல். தேக்காவில் உதிரி மல்லிகை வாங்கி வந்து, கூடத்தில் உட்கார்ந்து சரம் தொடுப்பது அத்தையின் மாலை நேர வேலை. ஊரில் வாழைநார், இங்கே வெள்ளை நூல்கண்டு. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், விளையாட்டாக வாயில் எடுத்த நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஊசியில் கோத்த நூல் காணவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது, பெட்டிக்குள் துணிகளுக்கிடையே போட்டு வந்த அந்துருண்டை. நான்காவது, பூசைக்கு வைத்திருந்த கற்பூரம். நான்கில் ஏதேனும் குறைந்திருக்கிறது என்றாலே மருத்துவமனைக்குப் போகலாம். வாந்தி எடுக்கவைக்க வீட்டில் எதையும் கரைத்து ஊற்றாதீர்கள்.

அறையில் ஒன்றும் இல்லை, பூனை கொஞ்சமாகச் சாப்பிடுகிறது, ஆனால் மெலிவதுபோல் தோன்றுகிறது என்றால், தோற்றத்தை நம்பாமல் எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு தனியாக நின்று, வித்தியாசத்தைக் குறியுங்கள். 5 கிலோ பூனை ஒரு வாரத்தில் கால் கிலோ இழந்தால் அது மனிதருக்கு மூன்று நான்கு கிலோ இழந்ததற்குச் சமம்; அப்போது மருத்துவர் பார்க்க வேண்டும்.

## அறிகுறி: சிறுநீர்

### அடிக்கடி தட்டுக்குப் போகிறது, முக்குகிறது

இந்த இடத்தில் நான் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது ஆண்டு, அத்தை போன நான்காம் நாள் மாலை, மிளகு பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மணல் தட்டுக்குப் போய்க் குந்திவிட்டு வந்தான். அத்தை அறைக்குப் போகும் வழியில்தான் தட்டு இருக்கிறது; அறையைப் பார்க்கத்தான் போய்ப் போய் வருகிறான் என்று என் கணவர் சொன்னார், நானும் நம்பினேன். அவன் அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அவன் வாந்தி எடுத்தபோதுதான் தட்டைக் கிளறிப் பார்த்தேன். மாலையில் நான் அள்ளிச் சமன் செய்த மணல் அப்படியே காய்ந்து கிடந்தது. சிறுநீர் பட்டுக் கட்டிய உருண்டை ஒன்றுகூட இல்லை. மருத்துவமனையில் தொட்டுப் பார்த்த மருத்துவர், சிறுநீர்ப்பை ஆரஞ்சுப் பழம்போல் கெட்டியாக இருக்கிறது என்றார். சிறுநீர் வெளியேறும் குழாய் முழுவதும் அடைபட்டிருந்தது. மயக்கம் கொடுத்துக் குழாய் வைத்து, மூன்று நாள் அங்கேயே வைத்திருந்து காப்பாற்றினார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்திருந்தால் அவன் இருந்திருக்க மாட்டான்.

ஆண் பூனைக்குக் குழாய் குறுகலானது என்பதால் இந்த அடைப்பு பெரும்பாலும் ஆண் பூனைகளுக்குத்தான் வருகிறது. முழு அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறித்துவிடும். ஆகவே இந்த அறிகுறிக்கு வீட்டில் செய்யும் சோதனை ஒன்றே ஒன்றுதான்: தட்டை முழுவதும் அள்ளிச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த முறை பூனை போய் வந்ததும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கிளம்புங்கள். சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளி ஆகலாம். ஆனால் தாமதித்தால் சிறுநீரகமும் கெட்டு, செலவு இன்னும் கூடும்.

ஈரம் இருக்கிறது, ஆனால் காசளவு துளித்துளியாக இருக்கிறது, இரத்தம் கலந்திருக்கிறது என்றால் சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். வீட்டில் ஏற்படும் மாற்றத்தால் பூனைக்கு மன அழுத்தம் வந்தாலே, கிருமி எதுவும் இல்லாமல் இந்த அழற்சி வருவதுண்டு. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டும்வரை தட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும், ஏனெனில் துளியாக வருவது எந்த நேரத்திலும் அடைபட்டுப் போகலாம்.

இங்கே தண்ணீரைப் பற்றி ஒரு சொல். நெத்திலி வேகவைத்த தண்ணீர்தான் இரண்டரை மாதமும் மிளகுக்குத் தண்ணீராக இருந்திருக்கிறது. அது நின்று உலர் உணவு மட்டும் ஆனதும், அவன் உடம்புக்குள் போகும் நீர் பாதியாகக் குறைந்திருக்கும். அந்த ஆண்டு அடைப்பு வந்ததற்கு அத்தை போன துயரம் மட்டுமன்றி இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். பூனைக்கு ஒரு நாளைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, எடையில் கிலோவுக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் நீர் தேவை. விருந்தாளி போன வாரத்தில் ஈர உணவைக் கூட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

### வழக்கமான அளவில், ஆனால் தட்டுக்கு வெளியே

விருந்தாளி படுத்த மெத்தை, அவர் விட்டுப்போன போர்வை, சுருட்டி வைத்த பாய் ஆகிய இடங்களில் போயிருந்தால், கோபப்படுவதற்கு முன் தட்டைப் பாருங்கள். பகல் முழுவதும் வீட்டில் இருந்தவர் மூன்று முறை அள்ளியிருப்பார். நீங்கள் இரவில் ஒருமுறைதான் அள்ளுவீர்கள். பூனையின் கணக்கில் அது அழுக்குத் தட்டு. அவருடைய பெட்டிகளுக்கு இடம் விட்டுத் தட்டை நகர்த்தி, இப்போது திரும்ப நகர்த்தினீர்களா? மணல் வேறு வாங்கினீர்களா? தட்டு இருக்கும் குளியலறைக் கதவு சாத்தியிருந்ததா? பூனைகளின் எண்ணிக்கையைவிடத் தட்டுகள் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. நான்கறை வீட்டில் இரண்டாவது தட்டுக்கு இடம் கிடைப்பது கடினம்தான். விருந்தாளி போன முதல் ஒரு மாதத்துக்காவது கண்டுபிடியுங்கள்.

சுத்தம் செய்ய டெட்டால் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு. குளோரின் கலந்த வெளுப்பானும் வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், நொதி கலந்த சிறுநீர் நீக்கும் திரவம்தான் மணத்தை வேரோடு போக்கும். மணம் மிச்சமிருந்தால் பூனை அதே இடத்திற்கு வரும். நனைந்ததை மட்டும் துவையுங்கள். விருந்தாளி போனதும் அறையிலிருக்கும் எல்லாத் துணிகளையும் ஒரே நாளில் சலவைக்குப் போடும் நம் வழக்கம், பூனைக்கு அந்த ஆளின் வாசனையை ஒரே நாளில் துடைத்தெறிந்துவிடுகிறது. ஒரு தலையணை உறையையோ பழைய புடவையையோ துவைக்காமல் இரண்டு வாரம் விட்டு வையுங்கள்.

குந்தாமல் நின்றபடி, வாலை நடுக்கி, சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது எல்லையை அடையாளப்படுத்துவது. கருத்தடை செய்யாத பூனை என்றால் கருத்தடைதான் முதல் தீர்வு. செய்த பூனை என்றால், தாழ்வாரத்தில் வேறு பூனை வந்து போகிறதா என்று பாருங்கள். அளவு வழக்கத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால், தண்ணீரும் அதிகம் குடித்தால், சிறுநீரகமும் சர்க்கரையும் சோதிக்கப்பட வேண்டும். அதற்கும் விருந்தாளிக்கும் தொடர்பில்லை.

## அறிகுறி: கத்திக்கொண்டே இருக்கிறது

மூன்று நாள், எந்த மணிக்கு எங்கே நின்று கத்துகிறது என்று எழுதுங்கள். நான்காம் நாள் விடை பெரும்பாலும் தாளிலேயே இருக்கும்.

### விடியுமுன் கத்துகிறது

பசி. வயதானவர் விடிகாலையில் எழுந்து காப்பி போடும்போதே பூனைக்கும் வைத்துப் பழக்கியிருப்பார். இந்தக் கத்தலுக்கு நீங்கள் எழுந்து உணவு வைத்தால், கத்தினால் கிடைக்கும் என்று அதற்குக் கற்பித்தவராவீர்கள். நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கி உணவுப் பெட்டி ஒன்று வாங்கி, முதலில் அந்தப் பழைய நேரத்துக்கே வைத்து, நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தள்ள ஒரு வாரம் போதும்.

### இரவு விளக்கணைத்தபின் கத்துகிறது

இது எங்களுக்கு இரண்டாம் ஆண்டு வந்தது. அத்தையின் கடிகாரம் கடைசிவரை ஊர் நேரத்தில்தான் ஓடும். இரண்டரை மணி நேரம் பின்தங்கிய அந்தக் கணக்கில் அவருக்கு ஒன்பது என்றால் நமக்குப் பதினொன்றரை. அதுவரை தொடர் பார்த்துக்கொண்டு மிளகை மடியில் வைத்திருப்பார். அவர் போனபின் நாங்கள் பத்தரைக்கு விளக்கணைத்ததும், இருட்டுக் கூடத்தில் நின்று குரல் கொடுத்தான். படுக்குமுன் பத்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகை ஆட்டி ஓடவிட்டு, அதன்பின் நாளின் கடைசி உணவை வைத்தோம். வேட்டை, உணவு, தன்னைச் சுத்தம் செய்வது, தூக்கம் என்பதே பூனையின் இயல்பான வரிசை. ஐந்தாறு நாளில் அடங்கினான்.

### சாத்திய அறையின் முன் கத்துகிறது

கதவைத் திறந்துவிடுங்கள். உள்ளே போய், கட்டிலைச் சுற்றி முகர்ந்து, ஆள் இல்லை என்று அதுவே தெரிந்துகொள்ளட்டும். குளிர்சாதனம் வீணாகும் என்று கதவைச் சாத்தி வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கத்தலை நீட்டிக்கிறது.

### தொலைபேசியில் பேசி முடித்ததும் கத்துகிறது

காணொளி அழைப்பில் அத்தை “மிளகு, ஏலே மிளகு” என்று கூப்பிட்டதும், அவன் கைப்பேசியின் பின்புறம் போய்ப் பார்த்தான், பிறகு சோபாவின் பின்னால், பிறகு அறைக்குள். அழைப்பு முடிந்து ஒரு மணி நேரம் தேடினான். பார்க்கவே முடியவில்லை. அதிலிருந்து முதல் மூன்று வாரம் நாங்கள் காதொலிக் கருவி போட்டுக்கொண்டுதான் பேசுகிறோம். அத்தைக்கு மிளகைக் காட்டுகிறோம், அவர் குரலை மிளகுக்குக் காட்டுவதில்லை. குரலைக் கேட்டும் அமைதியாகப் படுத்திருக்கும் பூனை என்றால் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

பத்து வயதைக் கடந்த பூனை காரணமின்றி இரவில் ஓலமிட்டால் தைராய்டு, இரத்த அழுத்தம், செவித்திறன் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத பெண் பூனை என்றால் அது இனச்சேர்க்கைப் பருவத்தின் குரல்.

## அறிகுறி: ஒளிந்துகொள்கிறது

இரவில் வந்து சாப்பிட்டு, மணல் தட்டையும் பயன்படுத்தினால் மூன்று நாள்வரை விட்டுவிடலாம். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். மூன்று நாளுக்குமேல் நீடித்தால், அல்லது ஒளிவதோடு உணவும் நின்றால், நோயை மறைக்கிறது என்று கொள்ளுங்கள். அது உறங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குமேல் போனால், மீண்டும் எண்ணியும் அப்படியே இருந்தால், மருத்துவரிடம் போக வேண்டும்.

## அறிகுறி: நக்கி நக்கி முடி போகிறது

ஏக்கம் என்பதற்குமுன் உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி பாருங்கள். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் முதுகின் அடிப்பகுதியை வாரி, விழும் கருந்துகளை நனைத்த வெள்ளைத் தாளில் தட்டுங்கள்; சிவப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் கழிவு. விருந்தாளியின் பெட்டியில் வரவில்லை என்றாலும், தாழ்வாரத்திலிருந்து நம் செருப்பில் வரும். அடிவயிற்றில் மட்டும் முடி போயிருந்தால் சிறுநீர்த் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள், உள்ளே வலிக்கும் இடத்தைத்தான் அது வெளியே நக்குகிறது. தோல் சிவந்து கசிந்தால் மருத்துவர்.

## அறிகுறி: காலைக் கவ்வுகிறது, கடிக்கிறது

பகல் முழுவதும் ஓர் ஆள் இருந்த வீடு இப்போது பத்து மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது. சேர்ந்த வேகத்தை எல்லாம் மாலையில் நம் கணுக்காலில் காட்டுகிறது. காலையும் மாலையும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சன்னல் ஓரத்தில் ஏறி உட்கார ஒரு மேடை கொடுங்கள். தொட்ட இடத்தில் மட்டும் கடித்தால் அங்கே வலி இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். கடி ஆழமாகப் பதிந்திருந்தால் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். பூனைக்கடி எளிதில் சீழ் வைக்கும்.

## அறிகுறி: கதவு திறந்தால் வெளியே பாய்கிறது

ஆள் போன வழி அந்தக் கதவுதான் என்று பூனைக்குத் தெரியும். இந்த ஒன்றை ஆறட்டும் என்று விடக் கூடாது. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். உரிமமும் உடலில் அடையாள நுண்சில்லும் (மைக்ரோசிப்) வேண்டும், இவற்றைச் செய்துகொள்வதற்கான இடைக்காலம் 2026 ஆகஸ்ட் 31 வரை என்று வகுக்கப்பட்டது. பூனை வெளியே போகாமலும் மாடியிலிருந்து விழாமலும் காப்பது வளர்ப்பவர் பொறுப்பு. சன்னல்களுக்கு வலை அடித்திருப்போம். ஆனால் வாசல் கம்பிக்கதவின் இடைவெளியை மறந்துவிடுவோம். பெரியவர்கள் காற்றுக்காக மரக்கதவைத் திறந்து கம்பிக்கதவை மட்டும் சாத்தி உட்கார்ந்திருப்பார்கள்; அந்தப் பழக்கத்தில் பூனையும் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்காரக் கற்றிருக்கும். கம்பிக்கதவின் கீழ்ப்பாதிக்கும் வலை கட்டுங்கள். வீட்டுக்குள் நுழையும்போது முதலில் பையைத் தாழ்வாக நுழைத்து வழியை மறையுங்கள்.

ஓடிவிட்டது என்றால் கீழே ஓடாதீர்கள். உங்கள் மாடியின் தாழ்வாரம், அங்குள்ள செருப்பு அலமாரிகள், பூந்தொட்டிகளின் பின்புறம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு படிக்கட்டில் இரண்டு மாடி மேலே, இரண்டு மாடி கீழே. வீட்டுப் பூனை பயந்தால் வெகுதூரம் போகாது, அருகிலேயே பதுங்கும். நள்ளிரவுக்குமேல் புளோக் அடங்கியபின் உணவு டப்பாவைக் குலுக்கியபடி மெதுவாகப் பெயர் சொல்லி நடப்பது பலன் தரும். தங்கை வீட்டுப் பூனை அதிகாலை மூன்றரைக்கு, மின்தூக்கிப் பக்கத்துப் படிக்கட்டின் அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் கிடைத்தது. பேட்டையில் தெருப்பூனைகளுக்கு உணவு வைப்பவர்களிடம் படத்தைக் கொடுங்கள், அவர்கள் கண்ணுக்குப் புதிய பூனை தப்பாது. தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவுக்கும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் தெரிவியுங்கள். நுண்சில்லின் 15 இலக்க எண்ணில் உங்கள் இப்போதைய தொலைபேசி எண்தான் பதிவாகியிருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

## இரண்டு வாரம் கழித்தும் ஏதோ ஒன்று தொடர்ந்தால்

பெரும்பாலான பூனைகள் இரண்டு வாரத்தில் தேறிவிடும். உடலில் நோயில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் நீடித்தால், பூனையை அமைதிப்படுத்தும் மணப்பொருளைக் காற்றில் பரப்பும், சுவரில் செருகும் ஃபெலிவே போன்ற கருவியை, பூனை அதிக நேரம் இருக்கும் அறையில் வைத்துப் பார்க்கலாம்; எங்களுக்கு ஓரளவே உதவியது. நான்கு வாரத்தைத் தாண்டினால், பூனையின் நடத்தையை அறிந்த மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மனப்பதற்றத்திற்குப் பூனைகளுக்கும் மருந்து உண்டு. ஆனால் அதன் அளவை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். நம் வீட்டுத் தூக்க மாத்திரையில் கால் துண்டு என்ற பேச்சே எழக் கூடாது.

## அடுத்த முறை அவர் புறப்படுவதற்கு முந்தைய வாரம்

நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் நாங்கள் இதைச் செய்தோம். புறப்படும் நாளுக்குப் பத்து நாள் முன்பே, உணவு வைக்கும் வேலையை அத்தையிடமிருந்து நானும் மகளும் ஒவ்வொரு வேளையாக வாங்கிக்கொண்டோம். நெத்திலிச் சாற்றை அப்போதே குறைக்கத் தொடங்கினோம். அவர் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் மகளோடு வெளியே போய் வந்தார். பெட்டியைக் கடைசி நாளில் பரபரப்பாக அடுக்காமல், ஒரு வாரம் திறந்தே வைத்திருந்தோம். மிளகு அதற்குள் படுத்துப் படுத்து அலுத்துப் போனான். நூல்கண்டையும் ஊசியையும் மாத்திரை அட்டைகளையும் எண்ணி எடுத்து வைத்தோம். அத்தை தம் பழைய பருத்திப் புடவை ஒன்றைத் துவைக்காமல் நான்காக மடித்து, சன்னல் ஓரத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். இந்த ஆண்டு முதல் இரவு மிளகு அதன் மேல் படுத்திருந்தான். காலையில் எவர்சில்வர் தட்டின் ஓசை கேட்டதும் இறங்கி வந்து, கொஞ்சம் மீதம் வைத்துச் சாப்பிட்டான். மணல் தட்டில் இரண்டு ஈர உருண்டைகள் இருந்தன. நோட்டில் அன்றைய தேதியில் அதை மட்டும் எழுதினேன்.